த்ரில்லர் படங்களின் மரபுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

த்ரில்லர் படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் பெரும்பாலும் கதையைப் பற்றியே பேசுகிறார்கள்: கொலைகாரன் யார், எப்போது சந்தேகம் வந்தது, எங்கே ஏமாந்தோம். அந்தக் கதை எந்த வரிசையில், யாருடைய கண் வழியாக, எவ்வளவு மறைத்துச் சொல்லப்பட்டது என்று யோசிக்கத் தொடங்கும்போதுதான் இந்த வகைப் படங்களின் மரபுகள் கண்ணுக்குத் தெரியும். இங்கே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கருத்து இருக்கிறது. எந்தச் செய்தி யாருக்கு, எப்போது, எவ்வளவு தெரிய வேண்டும் என்று இயக்குநர் எடுக்கும் முடிவிலிருந்துதான் த்ரில்லரின் எல்லா மரபுகளும் முளைக்கின்றன என்பதே அது. எடுத்துக்காட்டாக வரும் படங்களின் முடிவுகளை இயன்றவரை வெளியிடாமல் எழுதியிருக்கிறேன்.

எந்தப் படத்தை த்ரில்லர் என்று சொல்லலாம்?

பார்ப்பவரைப் பதற்றத்தில் வைத்திருப்பதையே முதல் வேலையாகக் கொண்ட படம் த்ரில்லர். கொலை, கடத்தல், உளவு, தப்பியோட்டம் என்று கதைப்பொருள் எதுவாகவும் இருக்கலாம். பிரெஞ்சு இயக்குநர் ஹென்றி-ஜார்ஜ் க்ளூஸோ 1953-இல் எடுத்த ‘தி வேஜஸ் ஆஃப் ஃபியர்’ படத்தில் துப்பறிபவரும் இல்லை, மறைந்து திரியும் கொலைகாரனும் இல்லை. எண்ணெய்க் கிணற்றில் பற்றிய தீயை அணைக்க நைட்ரோகிளிசரின் தேவைப்படுகிறது. அதை நான்கு பேர் இரண்டு லாரிகளில் ஏற்றி, குண்டும் குழியுமான மலைப்பாதை வழியாகக் கொண்டுபோக வேண்டும். வண்டி சற்று அதிகமாகக் குலுங்கினால் சரக்கு வெடித்துவிடும். இது நமக்குத் தெரிந்த பிறகு, பாதையில் கிடக்கும் ஒரு பாறையே வில்லனாகிவிடுகிறது. கதையில் குற்றம் இருக்கிறதா என்று பார்த்து ஒரு படத்தை த்ரில்லர் என்று முடிவு செய்வதைவிட, அடுத்த நிமிடத்தை நினைத்து நாம் அஞ்சுகிறோமா என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.

மர்மப் படத்துக்கும் த்ரில்லருக்கும் என்ன வேறுபாடு? திகில் படம் எங்கே வருகிறது?

மர்மப் படம் நடந்து முடிந்ததைத் தேடிப் பின்னோக்கிப் போகிறது; த்ரில்லர் நடக்கப்போவதை நினைத்து முன்னோக்கிப் பாய்கிறது. முதல் வகையில் நம் மூளைக்கு வேலை அதிகம், இரண்டாவது வகையில் நெஞ்சுக்கு. திகில் படத்தில் அச்சமூட்டும் பொருளே மையமாக இருக்கும். அது பேயாகவோ, இயற்கைக்கு மாறான ஒன்றாகவோ, உடல் சிதைவாகவோ இருக்கலாம். இந்த மூன்றுக்கும் நடுவே சுவர் எதுவும் கிடையாது. நம் ஊரில் மூன்றையும் சேர்த்தே ‘சஸ்பென்ஸ் படம்’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அதில் பெரிய தவறு எதுவும் இல்லை.

சஸ்பென்ஸ் என்பதும் திடீர் அதிர்ச்சி என்பதும் ஒன்றுதானா?

இல்லை. இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் மற்ற மரபுகள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

த்ரில்லர் படங்களுக்கே பெயர்பெற்ற இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கை பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்ஸுவா த்ரூஃபோ 1962-இல் நீண்ட நேர்காணல் கண்டார். அதில் ஹிட்ச்காக் ஓர் எளிய காட்சியைக் கற்பனை செய்யச் சொல்கிறார். ஒரு மேசையில் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குக் கிடைப்பது பதினைந்து வினாடி அதிர்ச்சி. அதே காட்சியில் குண்டு வைக்கப்பட்டதையும் அது ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதையும் முன்பே காட்டிவிட்டு, சுவரில் ஒரு கடிகாரத்தையும் மாட்டிவிட்டால், அதே வெட்டிப் பேச்சு பதினைந்து நிமிடப் பதைபதைப்பாக மாறிவிடுகிறது. இரண்டு காட்சிகளிலும் மேசையும் பேச்சும் குண்டும் ஒன்றுதான். நமக்குத் தெரிந்தது மட்டுமே மாறியிருக்கிறது.

இந்தப் பாடத்தை அவர் தம் படத்திலேயே கற்றிருந்தார். 1936-இல் வந்த ‘சபோட்டாஜ்’ படத்தில், லண்டனில் திரையரங்கு நடத்தும் ஒருவன் தன் மனைவியின் தம்பியான சிறுவன் ஸ்டீவியிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து அனுப்புகிறான். உள்ளே குண்டு இருப்பதும், அது 1.45-க்கு வெடிக்கும் என்பதும் நமக்குத் தெரியும், சிறுவனுக்குத் தெரியாது. தெருவில் பற்பசை விற்கும் ஒருவன் அவனைப் பிடித்து உட்கார வைத்து, கூட்டத்தின் முன் பல் துலக்கிவிட்டுத் தலையையும் வாரி விடுகிறான். பிறகு ஓர் ஊர்வலம் வழியை மறிக்கிறது. கடைசியில் பேருந்தில் ஏறி உட்கார்ந்து, பக்கத்திலிருக்கும் நாய்க்குட்டியோடு விளையாடத் தொடங்குகிறான். கடிகார முகப்புகள் இடையிடையே வருகின்றன. பேருந்து நெரிசலில் நிற்கிறது. குண்டு வெடித்துவிடுகிறது.

அந்தச் சிறுவனைச் சாகவிட்டது பெரிய தவறு என்று ஹிட்ச்காக் பின்னாளில் ஒப்புக்கொண்டார். பார்ப்பவரை அவ்வளவு நேரம் தவிக்க வைத்துவிட்டு, அந்தத் தவிப்புக்கு ஆறுதல் தராமல் விட்டால் அவர்கள் கோபப்படுவார்கள் என்பது அவர் கருத்து. அந்த மரணம் இல்லாவிட்டால் சிறுவனின் அக்கா அடுத்துச் செய்யும் செயலுக்குக் கனம் இருக்காது என்பதால், அவரோடு முழுவதும் உடன்பட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவர் குற்றவுணர்வோடு சொன்னதில் ஒரு விதி இருக்கிறது: முன்பே சொல்லிவிட்டு நம்மைக் காத்திருக்க வைக்கிற இயக்குநர், அந்தக் காத்திருப்புக்குக் கடன்பட்டவராகிறார்.

கதாநாயகன் ஏன் பெரும்பாலும் சாதாரண மனிதனாகவே இருக்கிறான்?

பயிற்சி பெற்ற வீரன் ஆபத்தில் மாட்டினால் அவன் எப்படிச் சமாளிக்கிறான் என்று ரசிப்போம். நம்மைப் போன்ற ஒருவன் மாட்டினால் அவனுக்காகப் பயப்படுவோம். த்ரில்லருக்குத் தேவை இரண்டாவது உணர்வு. தவறாக அடையாளம் காணப்பட்டு, குற்றவாளி என்று துரத்தப்படும் அப்பாவி இந்த வகையின் மிகப் பழைய கதாநாயகன். 1935-இல் வந்த ‘தி 39 ஸ்டெப்ஸ்’ படத்திலேயே அவன் முழு உருவத்தோடு வந்துவிட்டான்.

1959-இன் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தில் அந்தத் தவறு நடக்கும் விதத்தைக் கவனித்தால் இதன் அழகு புரியும். நியூயார்க்கின் ஒரு பெரிய ஹோட்டலில் விளம்பரத் துறைக்காரரான ராஜர் தார்ன்ஹில் நண்பர்களோடு அமர்ந்திருக்கிறார். ஹோட்டல் சிப்பந்தி ஒருவன் “ஜார்ஜ் கேப்லன்” என்று ஒரு பெயரைக் கூவிக்கொண்டு வருகிறான். அதே நொடியில், தம் தாய்க்குத் தந்தி அனுப்ப நினைத்த தார்ன்ஹில் அவனை அழைக்கக் கையை உயர்த்துகிறார். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு ஆட்களுக்கு இவர்தான் கேப்லன். கையைத் தூக்கியதைத் தவிர அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை. யாருக்கும் நடக்கக்கூடியது என்ற எண்ணம் நம் மனத்தில் விழ அந்த ஒரு கையசைவு போதும்.

தமிழில் ‘பாபநாசம்’ (2015) இதற்கு நல்ல சான்று. ஜீத்து ஜோசப் மலையாளத்தில் எடுத்த ‘த்ரிஷ்யம்’ (2013) படத்தை அவரே தமிழிலும் எடுத்தார். அதன் நாயகன் கேபிள் டிவி நடத்தும் குடும்பத் தலைவர். அதிகாரமும் இல்லை, ஆள்பலமும் இல்லை. ஓயாமல் சினிமா பார்த்துச் சேர்த்த அறிவு மட்டும்தான் அவருடைய ஆயுதம். என்ன நடந்தது என்பதை நாம் கண்ணால் பார்த்துவிட்டோம், விசாரிக்கும் காவல்துறை பார்க்கவில்லை. அந்த இடைவெளியில்தான் படத்தின் பெரும்பகுதி ஓடுகிறது. அப்படி நம்மையும் கூட்டாளியாக்கிவிட்ட படம், ஒரே ஒரு செய்தியை நம்மிடமிருந்தும் மறைத்துக் கடைசி வரை வைத்திருக்கிறது.

நாயகன் ஏன் நேராகக் காவல் நிலையத்துக்குப் போவதில்லை?

போனால் படம் முடிந்துவிடும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் பதில். நல்ல திரைக்கதை இதற்குக் காரணத்தைக் கதைக்குள்ளேயே வைத்திருக்கும்: காவல்துறை அவனையே தேடுகிறது, அல்லது உள்ளேயே ஒருவன் விலைபோயிருக்கிறான், அல்லது போனால் அவன் மறைக்க வேண்டிய வேறொன்று வெளிப்பட்டுவிடும். காரணமே சொல்லாமல் நாயகனைத் தனியாக இருட்டுக்குள் அனுப்பும் படத்தை நாம் மன்னிப்பதில்லை, மன்னிக்கவும் தேவையில்லை.

நல்ல வில்லனுக்கு என்ன இலக்கணம்?

நாயகனைவிட அவனுக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். உடல் வலிமை இரண்டாம்பட்சம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1971-இல் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘டூயல்’ படத்தில், ஒரு கார்க்காரரைக் கொல்லத் துரத்தும் லாரி ஓட்டுநரின் முகம் கடைசி வரை காட்டப்படுவதில்லை. ஏன் துரத்துகிறான் என்றும் சொல்லப்படுவதில்லை. அந்தக் காரணமின்மை, துருப்பிடித்த லாரியை ஓர் உயிருள்ள மிருகமாக்கிவிடுகிறது.

தொடர்கொலைகாரனின் செயலுக்குச் சிறுவயதுத் துயரம் ஒன்றைக் காரணமாகக் காட்டும் பழக்கம் இன்று தமிழில் ஏறக்குறைய கட்டாயமாகிவிட்டது. பின்கதை சொல்லப்படும் நிமிடங்களில் படத்தின் வேகம் இறங்குவதையும், அதுவரை நம்மை மிரட்டிய உருவம் ஒரு விளக்கக் குறிப்பாகச் சுருங்குவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பின்கதை நாயகனுக்கு ஒரு துப்பாகப் பயன்பட்டால் அது நியாயம். நம் இரக்கத்தைக் கேட்டு மட்டும் வந்தால், அதை எழுதாமலேயே விட்டிருக்கலாம்.

வில்லன் தண்டனை பெற்றே ஆக வேண்டும் என்ற மரபின் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. ஹாலிவுட்டில் 1934 முதல் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்த தயாரிப்பு விதித்தொகுப்பு, குற்றம் பலனளிப்பதாகக் காட்டக் கூடாது என்று வற்புறுத்தியது. 1968-இல் அதன் இடத்தில் வயதுவாரியான தரச்சான்று வந்த பிறகுதான், குற்றவாளி தப்பிப்போகும் முடிவுகளுக்குப் பெரிய படங்களில் தடை விலகியது.

சில நேரம் குற்றவாளிக்காகவே நாம் பதறுகிறோமே, அது ஏன்?

நம்மில் பலர் இதைச் சொல்லத் தயங்குவார்கள், ஆனால் எல்லாருக்கும் நேர்ந்திருக்கும். 1960-இன் ‘சைக்கோ’ படத்தில் ஒரு கொலைக்குப் பின், நார்மன் என்ற இளைஞன் சடலத்தைக் காரில் வைத்து அந்தக் காரைச் சதுப்பில் தள்ளிவிடுகிறான். கார் மெல்ல மெல்ல அமிழ்கிறது. திடீரென்று பாதியில் நின்றுவிடுகிறது. அவன் வாயில் எதையோ மென்றபடி சுற்றுமுற்றும் பார்க்கிறான். அந்தச் சில வினாடிகளில் திரையரங்கில் உள்ள அத்தனை பேரும் கார் மூழ்கிவிட வேண்டும் என்றே விரும்புகிறார்கள். இறந்த பெண்ணுக்காகச் சற்று முன்பு துடித்தவர்களும் அவர்கள்தான்.

யார் ஒரு வேலையைச் செய்து முடிக்கத் திணறுவதைக் கேமரா அருகிலிருந்து காட்டுகிறதோ, அவர் பக்கம் நம் மனம் சாய்கிறது. அவர் நல்லவரா என்ற கேள்வி பிறகுதான் வருகிறது. தமிழில் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), அப்போது முன்னணி நாயகனாக வளர்ந்து கொண்டிருந்த கமல்ஹாசனையே பெண்களைக் கொல்பவனாக்கி இந்தச் சாய்வைச் சோதித்தது.

காலக்கெடு இல்லாத த்ரில்லர் உண்டா?

உண்டு, ஆனால் குறைவு. கெடு என்றதும் சிவப்பு எண்கள் ஓடும் குண்டுதான் பலருக்கு நினைவு வரும். அது மிகத் தேய்ந்துபோன வடிவம். காலத்தை வேறு பொருளாக மாற்றிக் காட்டுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஹிட்ச்காக்கின் ‘நொட்டோரியஸ்’ (1946) படத்தில் ஒரு விருந்து நடக்கிறது. வீட்டுத் தலைவன் சந்தேகத்துக்குரியவன். அவன் மனைவியான அலீசியா உண்மையில் அமெரிக்க உளவுத்துறைக்காக வேலை செய்கிறாள். நிலவறையின் சாவியை அவன் சாவிக்கொத்திலிருந்து திருடி வைத்திருக்கிறாள். கேமரா மாடியின் உயரத்திலிருந்து விருந்துக் கூடம் முழுவதையும் பார்த்தபடி தொடங்கி, மெல்லக் கீழிறங்கி, கூட்டத்தைக் கடந்து, அவள் மூடிய கைக்குள் இருக்கும் அந்தச் சாவியில் வந்து நிற்கிறது. நூறு பேர் இருக்கும் கூடத்தில் முக்கியமானது அந்தச் சிறு உலோகத் துண்டு என்பது நமக்கு மட்டும் சொல்லப்படுகிறது.

பிறகு அவளும் அவளுடைய கூட்டாளியும் நிலவறைக்குள் நுழைகிறார்கள். மேலே விருந்தில் ஷாம்பெயின் புட்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. பனிக்கட்டித் தொட்டியில் இருக்கும் கடைசிப் புட்டிகள் காட்டப்படுகின்றன. அவை தீர்ந்தால் இன்னும் எடுக்க வீட்டுக்காரன் நிலவறைக்கு இறங்கி வருவான். எந்தக் கடிகாரமும் தேவைப்படவில்லை. விருந்தினர் ஒவ்வொருவரும் கோப்பையை உயர்த்தும்போது ஒரு நிமிடம் குறைகிறது.

‘கைதி’ (2019) முழுக்கதையையும் ஏறக்குறைய ஓர் இரவுக்குள் அடைத்தது. மயங்கிக் கிடக்கும் காவலர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டியவன், விடிந்ததும் தன் மகளை முதல்முறையாகப் பார்க்கவேண்டியவன் அதன் நாயகன். இன்னொரு பக்கம், கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் மட்டும் உள்ள காவல்துறை அலுவலகத்தை ஒரு கும்பல் முற்றுகையிடுகிறது. இரண்டு கெடுக்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. மகளைப் பற்றிய கெடு கதையின் பரபரப்புக்குத் தேவைப்படாதது என்று தோன்றலாம். அது இல்லாவிட்டால் லாரி வெறும் லாரியாகவே ஓடியிருக்கும்.

மக்கஃபின் என்றால் என்ன?

கதையில் எல்லாரும் எதைத் தேடி ஓடுகிறார்களோ அந்தப் பொருளுக்கு ஹிட்ச்காக் பரப்பிய பெயர் அது. பாத்திரங்களுக்கு அது உயிர்போகும் விஷயம். பார்ப்பவருக்கு அது என்னவென்பது பெரிய பொருட்டில்லை. ‘நொட்டோரியஸ்’ படத்தின் நிலவறையில் மதுப்புட்டிக்குள் ஒளித்துவைத்திருப்பது யுரேனியத் தாது. அதற்குப் பதில் வைரம் இருந்திருந்தாலும் அந்தக் காதல் கதை மாறியிருக்காது. நம் படங்களில் பென்டிரைவும் ஹார்டு டிஸ்க்கும் இந்த வேலையைச் செய்கின்றன. அதில் என்ன இருக்கிறது என்று ஐந்து நிமிடம் விளக்கும் காட்சி வந்தால், எழுத்தாளர் இந்த மரபைப் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள்.

ஒரே அறை, ஒரே வண்டி, ஒரே கட்டடம் என்று கதையை ஏன் அடைக்கிறார்கள்?

வெளியேறும் வழி குறையக் குறைய அச்சம் கூடுகிறது. செலவும் குறைகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமான காரணம், அடைபட்ட இடத்தில் ஒருவர் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்பதற்குத் தெளிவான எல்லை கிடைத்துவிடுகிறது.

‘ரியர் விண்டோ’ (1954) படத்தில் கால் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கும் புகைப்படக்காரர், சன்னல் வழியாக எதிர்க் குடியிருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஸ்டுடியோவுக்குள் 31 குடியிருப்புகளோடு கட்டப்பட்ட அந்த அரங்கத்தை, ஏறக்குறைய முழுப் படத்திலும் கேமரா அவருடைய அறையிலிருந்தே பார்க்கிறது. அவர் அறிந்ததுதான் நாம் அறிந்தது என்று பழகிவிடுகிறோம். ஓர் இரவு அவர் கண்ணயர்ந்திருக்கும் நேரத்தில், சந்தேகத்துக்குரிய எதிர்வீட்டுக்காரன் ஒரு பெண்ணோடு வெளியே போவது நமக்கு மட்டும் காட்டப்படுகிறது. சில வினாடிகளே வரும் காட்சி அது. விழித்தெழுந்த அவர் தன் ஊகத்தை உறுதியாகச் சொல்லும்போது, அவர் சொல்வது தவறோ என்ற ஐயம் நமக்குள் ஓடுகிறது. படம் முழுக்க அவரோடு இருந்த நம்மை ஒரே துண்டுக் காட்சியால் அவரிடமிருந்து பிரித்துவிட்டார்கள்.

திருப்பம் எப்போது நியாயமானது, எப்போது ஏமாற்று?

இரண்டாம் முறை பார்க்கும்போது எந்தக் காட்சியும் பொய் சொல்லியிருக்கக் கூடாது என்பதே நான் வைத்திருக்கும் சோதனை. நாம் தவறாகப் புரிந்துகொள்ளும்படி செய்வது அனுமதிக்கப்பட்டது. நடக்காததை நடந்ததாகக் காட்டுவது அனுமதிக்கப்பட்டதில்லை.

ஜோனதன் டெம்மியின் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ (1991) படத்தின் பிற்பகுதியில் ஆயுதமேந்திய அதிகாரிகள் ஒரு வீட்டைச் சூழ்ந்து நிற்கிறார்கள். பூங்கொத்து கொண்டுவந்தவர்போல் வேடமிட்ட ஒருவர் அழைப்புமணியை அழுத்துகிறார். கொலைகாரனின் நிலவறையில் மணி ஒலிக்கிறது. அதிகாரிகள், அவன், மீண்டும் அதிகாரிகள் என்று காட்சி மாறிமாறி வருகிறது. அவன் கதவைத் திறக்கும்போது வாசலில் தனியாக நிற்பது, புலனாய்வு அதிகாரிக்கான பயிற்சிகூட முடிக்காத இளம்பெண்ணான க்ளாரிஸ். அதிகாரிகள் போனது வேறு வீடு. காட்டப்பட்ட ஒவ்வொரு துண்டும் உண்மை. அடுத்தடுத்து வரும் துண்டுகள் ஒரே இடத்தில் நடப்பவை என்று சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம்தான் நம்மை ஏமாற்றியது. அந்தக் கணத்தில் அதிர்ச்சி முடிந்து பதைபதைப்பு தொடங்குகிறது. அவள் யார் வீட்டு வாசலில் நிற்கிறாள் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

தமிழில் இந்தப் பேச்சு வீணை எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) இல்லாமல் முழுமை பெறாது. சென்னை மீது ஜப்பான் குண்டு வீசிய 1943-ஐப் பின்னணியாகக் கொண்டு, ஒரு ரேடியோ பொறியாளர் சுட்டுக் கொல்லப்படுவதோடு படம் தொடங்குகிறது. கொல்லப்படுபவர் சிவாஜி கணேசன். நாயக நடிகரைத் தொடக்கத்திலேயே கொன்றுவிடும் துணிவு அன்று எவ்வளவு பெரியது என்பதை இன்று உணர்வது கடினம். விசாரிக்கப்படுகிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி வேறொருவரைச் சுட்டுகிறார்கள். அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) தந்த தூண்டுதல் இதில் உண்டு என்றாலும், ஜாவர் சீதாராமனின் எழுத்து அதை ஒரு சென்னைக் குடும்பத்தின் மனக்கசப்புகளாக மாற்றிவிட்டது. ஒவ்வொரு வாக்குமூலமும் கொலையைப் பற்றிச் சொல்வதைவிடச் சொல்கிறவரைப் பற்றி அதிகம் சொல்கிறது. பலமுறை பார்த்தாலும் அந்தப் படம் தளராமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

இருட்டும் மழையும் கட்டாயமா?

வழக்கம் மட்டுமே. ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தில் புகழ்பெற்ற ஆபத்துக் காட்சி, கொளுத்தும் வெயிலில், மறைவதற்கு ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளியில் நடக்கிறது. இரவுத் தெருவிளக்கடியில் பலியாள் காத்திருக்கும் தேய்ந்த காட்சியைத் தலைகீழாக்கவே அப்படிச் செய்ததாக ஹிட்ச்காக் விளக்கியிருக்கிறார். மருந்து தெளிக்கும் சிறு விமானம் ஒன்று, பயிரே இல்லாத இடத்தில் பறந்துகொண்டிருக்கிறது. சாலையோரம் நின்ற ஒரு மனிதர் அதைச் சாதாரணமாகக் குறிப்பிட்டுவிட்டுப் பேருந்தில் ஏறிப் போய்விடுகிறார். அந்த ஒரு வரி போதும்.

பின்னணி இசை எந்த அளவுக்கு வேலை செய்கிறது?

மிகப் பெரிய அளவுக்கு. அதனாலேயே அதை அடக்கத் தெரிவதும் ஒரு கலை. ‘சைக்கோ’ படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டும் கொண்டு இசையமைத்தார். குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். ஹெர்மன் எழுதிய கிறீச்சிடும் வயலின்களைக் கேட்டபின் மனத்தை மாற்றிக்கொண்டார். மாறாக, மேலே சொன்ன விமானக் காட்சியில் இறுதி மோதல் வரை இசை இல்லை. காற்றும் எஞ்சின் ஒலியும் மட்டும்தான்.

ஃப்ரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த ‘எம்’ படத்தில் குழந்தைகளைக் கொல்பவன் எட்வர்ட் கிரீக்கின் ஒரு மெட்டைச் சீட்டியடிக்கிறான். பேசும்படம் பிறந்த புதிதில், ஒலியே ஒரு துப்பாகிவிட்டது: பார்வையற்ற பலூன் வியாபாரி ஒருவர் அந்தச் சீட்டியைக் கேட்டுத்தான் அவனை அடையாளம் காண்கிறார். தமிழில் மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) பாடல்களே இல்லாமல், இளையராஜாவின் பின்னணி இசையை மட்டும் நம்பி வந்தது.

தமிழ் த்ரில்லரில் பாடலும் இடைவேளையும் தடையா?

பாடலைப் பொறுத்தவரை 1954-லேயே ‘அந்த நாள்’ ஒரு பாடலும் இல்லாமல் வெளிவந்து வழிகாட்டிவிட்டது. பாடல் இருந்தாலே வேகம் கெடும் என்பதும் சரியில்லை. ‘புதிய பறவை’ (1964) படத்தில் இறந்ததாகக் கருதப்பட்ட மனைவி என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி வந்து நிற்கிறாள். அங்கே பாடல்கள் நாயகனின் நினைவையும் நடுக்கத்தையும் தாங்கிக் கதைக்குள்ளேயே நிற்கின்றன. காதலர்களை வெளிநாட்டு மலைச்சரிவுக்கு அனுப்பிவிட்டு, திரும்பியதும் பதறச் சொல்லும் பாடல்தான் தடை.

இடைவேளையை நான் தடையாகப் பார்க்கவில்லை. பத்து, பதினைந்து நிமிடம் விளக்கைப் போட்டுவிட்டு, தேநீரோடு நின்று பேச வைக்கும் ஒரு வழக்கத்தை நம் எழுத்தாளர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். அதுவரை நாம் நம்பியதைப் புரட்டிப்போடும் ஒரு செய்தியை அந்த இடத்தில் கொடுத்து அனுப்பினால், வெளியே நிற்கும் கூட்டமே கதையை மேலே யோசிக்கத் தொடங்கிவிடும். இரண்டாம் பாதி அந்த யோசனைகளை முந்திச் செல்ல வேண்டும் என்பதுதான் சவால், பல படங்கள் தோற்பதும் அங்கேதான்.

பெண்கள் மீதான வன்முறையும் இந்த வகையின் மரபுதானா?

வருத்தத்தோடு ஆம் என்றே சொல்ல வேண்டும். கொலையாளியின் கொடுமையைக் காட்ட ஒரு பெண்ணின் உடலையோ பள்ளி மாணவியின் உடலையோ பயன்படுத்துவது உலகெங்கும் பரவிய பழக்கம்; நம்மிடமும் ‘சிகப்பு ரோஜாக்கள்’, ‘மூடுபனி’ (1980) தொடங்கி ‘ராட்சசன்’ (2018) வரை அந்த வரிசை நீள்கிறது. இவற்றின் தொழில்நுட்ப மேன்மையை மதிக்கிறேன். ஆனால் கொல்லப்படும் பெண்ணுக்குப் பெயரும் குரலும் ஆசையும் தராமல், அடுத்த துப்பைக் கொண்டுவரும் பொருளாக மட்டும் அவளைக் கிடத்தும் காட்சியை மரபு என்று சொல்லி ஏற்க முடியாது. பதைபதைப்புக்கு அது தேவையும் இல்லை. நைட்ரோகிளிசரின் ஏற்றிய லாரியும் குறைந்துவரும் ஷாம்பெயின் புட்டிகளும் அதற்குச் சான்று.

கைப்பேசி வந்த பிறகு பழைய மரபுகள் என்னவாகின?

ஒருவருக்கு ஒரு செய்தி தெரியாமல் இருப்பதுதான் த்ரில்லரின் மூலதனம். கைப்பேசி அதையே பறித்துவிட்டது. முதல் சில ஆண்டுகள் எழுத்தாளர்கள் சிக்னலைத் துண்டித்தும் பேட்டரியைத் தீர்த்தும் சமாளித்தார்கள். பிறகு அதையே எதிரியாக்கக் கற்றுக்கொண்டார்கள்: கோபுரத் தரவு ஒருவர் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது, தெருமுனைக் கண்காணிப்புக் கேமரா பொய்யான சாட்சியாகிறது, அழைப்பது நண்பரின் எண்தான், ஆனால் கைப்பேசி வேறொருவர் கையில் இருக்கிறது. ‘பாபநாசம்’ படத்திலும் ஒரு கைப்பேசிதான் ஆபத்தைத் தொடங்கிவைக்கிறது. அதை எங்கே போட்டுவிட வேண்டும் என்று நாயகன் யோசித்துச் செய்யும் செயலே அவருடைய முதல் தற்காப்பு.

முடிவை மற்றவரிடம் சொல்வது அவ்வளவு பெரிய தவறா?

நல்ல படம் முடிவு தெரிந்தாலும் தாங்கும். ஹிட்ச்காக் ‘வெர்டிகோ’ (1958) படத்தில், மூல நாவல் கடைசி வரை காத்த ரகசியத்தைப் படம் முடிய நெடுநேரம் இருக்கும்போதே தாமே வெளியிட்டுவிட்டார். நாயகனுக்குத் தெரியவரும்போது என்ன நடக்கும் என்ற கேள்வி, ரகசியம் என்ன என்ற கேள்வியைவிட வலியது என்று அவர் கணித்தார்.

ஆனால் எந்தச் செய்தியை எப்போது தர வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை படத்துக்கு உரியது, அதைப் பார்த்து முடித்த நண்பருக்கு உரியதில்லை. ‘சைக்கோ’ வெளியானபோது படம் தொடங்கிய பின் யாரையும் அரங்குக்குள் விடக் கூடாது என்று ஹிட்ச்காக் திரையரங்குகளுக்குக் கட்டளையிட்டார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், க்ளூஸோ தம் ‘லே தியபோலீக்’ (1955) படத்தின் முடிவில் திரையிலேயே ஒரு வேண்டுகோளை எழுதிவைத்தார். நீங்கள் பார்த்ததை நண்பர்களிடம் சொல்லி அவர்களுடைய ஆர்வத்தைக் கெடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, அவர்கள் சார்பில் பார்வையாளர்களுக்கு நன்றியும் சொல்லியிருந்தார்.